பிளாசிப் பிரபுவின் வாரிசுகளும் நம்மூர் ஆண்ட பரம்பரையும்

நம் தோழர்கள் பலரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பைக்கின் பின்னால் 'ஆண்ட பரம்பரை' என்று ஸ்டிக்கர் ஒட்டியவனைப் பார்த்தால் உடனே மீம் போடுவார்கள். அன்று இரவே உட்கார்ந்து 'டவுன்டன் ஆபி' பார்ப்பார்கள். இல்லையென்றால் 'பிரிட்ஜர்டன்'. எந்தப் பிரபுவின் எஸ்டேட் எந்த வாரிசுக்குப் போகும், பட்டம் தூரத்து உறவுக்காரனுக்குப் போய்விடுமோ என்று நகம் கடிப்பார்கள். இங்கே ஒருவன் தாத்தா பெருமை பேசினால் அது சாதிவெறி. யார்க்ஷயரில் ஒருவன் பேசினால் அது 'ஹெரிடேஜ்'.

கதை பார்ப்பதில் எனக்குச் சண்டையில்லை. அந்த 'ஹெரிடேஜ்' என்ற சொல்லோடுதான் சண்டை. பரம்பரை என்பது ஏதோ மரம்போலத் தானாக வளர்ந்து நிற்பது என்று அது நம்மை நம்பவைக்கிறது. பரம்பரைகள் வளர்வதில்லை, செய்யப்படுகின்றன. எப்படிச் செய்யப்படுகின்றன என்பதை ஆண்டு, தேதி, தொகை சகிதம் காட்டக்கூடிய ஒரு பிரிட்டிஷ் குடும்பம் இருக்கிறது. அதன் பெயரை வடசென்னைக்காரர்கள் தினமும் பஸ் கண்டக்டர் வாயால் கேட்கிறோம்.

நான் முகத்துவாரக்குப்பத்துக்காரி. கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் விழுகிற இடம் எங்கள் ஊர். அங்கிருந்து பாரிமுனை போகிற வழியில், ராயபுரம் தாண்டினால், 'கிளைவ் பேட்டரி'. பேட்டரி என்றால் பீரங்கி மேடை. எல்லோரும் அதை ராபர்ட் கிளைவோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சென்னை மாகாணத்தை ஆளுநராக இருந்து ஆண்ட கிளைவ் அவரல்ல, அவருடைய மகன் எட்வர்ட். பள்ளிப் பாடத்தில் அப்பனுக்கு ஒரு பக்கம் இருக்கிறது, மகனுக்கு ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் நமக்கு முக்கியமானவர் மகன்தான்.

அப்பன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1744ல் ஆண்டுக்கு ஐந்து பவுண்டு சம்பளத்தில் எழுத்தராகச் சென்னைக்கு வந்த பதினெட்டு வயதுப் பையன். 1751ல் ஆற்காடு, 1757ல் பிளாசி. பிளாசிக்குப் பிறகு மீர் ஜாபரிடமிருந்து கையில் வாங்கியது 2,34,000 பவுண்டு. அதுபோக ஆண்டுக்கு 27,000 பவுண்டு வருமானம் வரும் ஜாகிர். 1762ல் 'பிளாசியின் பேரன் கிளைவ்' என்ற பட்டம். பேரன் என்றால் மகனுக்கு மகன் இல்லை, பிரபுக்களின் ஏணியில் கடைசிப் படி அது. அதுவும் அயர்லாந்துப் பட்டம், லண்டன் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. அயர்லாந்துப் பட்டத்துக்கு அயர்லாந்தில் ஓர் ஊர் வேண்டுமே? அங்கே கிளேர் மாவட்டத்தில் இருந்த தன் நிலத்துக்கே 'பிளாசி' என்று பெயர் வைத்தார். வங்காளத்தில் ஓர் ஊரைக் கொள்ளையடித்து, ஏற்கெனவே பறிக்கப்பட்டிருந்த இன்னொரு நாட்டின் மண்ணில் அந்த ஊரின் பெயரை நட்டு, அந்தப் பெயரில் தன்னைப் பிரபு ஆக்கிக்கொள்வது. இதைவிடச் சுத்தமாகப் 'பூர்வீகம்' என்ற சொல்லை யாரும் விளக்கிவிட முடியாது.

1767ல் அவர் இந்தியாவைவிட்டுக் கிளம்பினார். 1769-70 வங்கப் பஞ்சத்தில் மக்களில் மூன்றில் ஒரு பங்கு செத்ததாகக் கும்பெனி அதிகாரிகளே கணக்கிட்டார்கள். 1773ல் நாடாளுமன்றம் அவரை விசாரித்தது. கடைசியில், நாட்டுக்குப் பெரும் சேவை செய்தவர் என்று தீர்மானம் போட்டு அனுப்பியது. 1774ல் இறந்தார். லண்டன் பிரபுக்கள் அவரைத் தங்களில் ஒருவராக மதிக்கவில்லை. இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பியவர்களை 'நபாப்' என்று கேலி செய்த காலம் அது. பணம் இருந்தது, பரம்பரை இல்லை.

பரம்பரை இருந்து பணம் இல்லாத குடும்பம் ஒன்று வேல்ஸ் நாட்டில் வெல்ஷ்பூல் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருந்தது. பாவிஸ் கோட்டையின் ஹெர்பர்ட் குடும்பம். பெயர் பெரியது, கடனும் பெரியது. 1784ல் கிளைவின் மகன் எட்வர்ட் அந்தக் குடும்பத்தின் ஹென்ரியட்டாவை மணந்தார். 1801ல் ஹென்ரியட்டாவின் அண்ணன் வாரிசு இல்லாமல் இறந்ததும் 'பாவிஸ் ஏர்ல்' பட்டம் அற்றுப்போனது. 1804ல் அதே பட்டத்தை எட்வர்ட் கிளைவுக்குப் புதிதாக உருவாக்கிக் கொடுத்தார்கள். 1807ல் இவர்களுடைய மகன் அரசரின் அனுமதி பெற்று 'கிளைவ்' என்ற குடும்பப் பெயரைக் களைந்து 'ஹெர்பர்ட்' ஆனார்.

இந்த 1807ஐக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு கையெழுத்தில் ஐம்பது ஆண்டு வயதுள்ள கொள்ளைப் பணத்துக்குப் பல நூறு ஆண்டு வயது வந்துவிட்டது. கிளைவ் என்ற பெயர் பட்டங்களில் ஒன்றாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. பிளாசியும் பஞ்சமும் பின்கட்டுக்குப் போய், முன்வாசலில் பழைய கோட்டையும் ஹெர்பர்ட் கேடயமும் நின்றன. சரி, அந்தக் கோட்டையாவது ஹெர்பர்ட்டுகளுக்கு ஆதியிலிருந்தே சொந்தமா? அதுவும் கிடையாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேல்ஸ் சிற்றரசர்கள் கட்டியது. 1587ல் சர் எட்வர்ட் ஹெர்பர்ட் என்பவர் காசு கொடுத்து வாங்கியது. கீழே கீழே தோண்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கிரயப் பத்திரம்தான் கிடைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைப் பூசி மெழுகக் கூடாது. டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பேரன் என்று ஐந்து படி கொண்ட அந்த ஏணியைப் பார்த்தவுடன், 'இதுவும் நம்மூர் சாதி மாதிரிதானே' என்று சொல்லத் தோன்றும். அப்படியில்லை. அங்கே ஓர் எழுத்தரின் மகன், காசை வைத்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளில் ஏர்ல் ஆக முடிந்தது. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதில் அந்த வசதி இல்லை. இங்கே எவ்வளவு கோடி சம்பாதித்தாலும் 1807ல் அந்த மகன் செய்ததைப்போல ஒரு தலித் பெயரை மாற்றிக்கொண்டு படியேறிவிட முடியாது. மாற்றினால் பழைய பெயரைத் தோண்டி எடுப்பதற்கென்றே ஊர் இருக்கிறது. ஆக இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இந்த இரண்டும் ஒரே மேசையில் சந்தித்து, ஒன்றுக்கொன்று பத்திரம் எழுதிக்கொண்டன என்கிறேன். அந்த மேசை சென்னை ஜார்ஜ் கோட்டையில் இருந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எட்வர்ட் கிளைவ்.

1798 முதல் 1803 வரை அவர் சென்னை ஆளுநர். ஆளும் திறமை அவருக்கு இருந்ததாக அந்தக் காலத்தவர் யாரும் சொல்லவில்லை. முடிவுகளைக் கல்கத்தாவிலிருந்து வெல்லெஸ்லி எடுத்தார். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளைப் பாருங்கள். 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு கொல்லப்பட்டார். 1799 அக்டோபர் 16, கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு தஞ்சாவூர் கும்பெனி கைக்குப் போனது. 1801ல் ஆற்காடு நவாபின் ஆட்சி முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நாம் இன்று தமிழ்நாடு என்று சொல்லும் நிலம் பெரும்பாலும் ஒரே ஆளுநரின் காலத்தில் கும்பெனியின் நிலமானது.

அதைக் கொண்டாட அவர் கட்டியதுதான் விருந்து மண்டபம். முகப்பின் ஒரு பக்கம் அப்பாவின் பிளாசி வெற்றிக்கு, மறுபக்கம் தன் காலத்து ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்கு. இப்போது அதன் பெயர் ராஜாஜி ஹால். பெரியார் உடலும் அண்ணா உடலும் மக்கள் பார்க்க வைக்கப்பட்டிருந்தது அங்கேதான். ஒரு குடும்பம் தன் பெருமைக்குக் கட்டிய படிக்கட்டில் நாம் நம் தலைவர்களுக்கு அழுதிருக்கிறோம். இதில் எனக்கு வருத்தமில்லை, ஒருவிதத்தில் நல்ல பழிவாங்கல்தான். ஆனால் அந்தக் கட்டடத்தின் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திப்புவின் சிம்மாசனம் உடைக்கப்பட்டுக் கொள்ளைப் பங்காகப் பிரிக்கப்பட்டது. அதிலிருந்த தங்கப் புலித்தலை ஒன்று இன்று பாவிஸ் கோட்டையில் இருக்கிறது. திப்புவின் பூப்போட்ட சீட்டித்துணிக் கூடாரமும் அங்கேதான். குடும்பம் அதைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் பயன்படுத்தியிருக்கிறது. 1952ல் கோட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பிடம் வந்தது. 'கிளைவ் அருங்காட்சியகம்' என்ற பெயரில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கலாம். 2020ல் அந்த அமைப்பே காலனியத்தோடும் அடிமை முறையோடும் தொடர்புள்ள தன் 93 இடங்களைப் பட்டியலிட்டது. அதில் பாவிஸும் உண்டு. அந்த ஒரு அறிக்கைக்கு இங்கிலாந்துப் பழமைவாதிகள் போட்ட கூச்சலைக் கேட்டிருந்தால், நம்மூர்ப் பாடநூலில் ஒரு வரி மாற்றும்போது எழுகிற கூச்சல் ஞாபகம் வந்திருக்கும்.

பொருட்கள் திரும்பி வர வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் திப்புவின் கூடாரம் என்கிறோம், கிளைவின் கூடாரம் என்கிறோம். அதற்கு நூல் நூற்றவர், நெய்தவர், சாயம் தோய்த்தவர் யாருடைய பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. 1800ல் ஹென்ரியட்டா தன் இரண்டு மகள்களோடு சென்னையிலிருந்து மைசூருக்குப் போய்த் தெற்கைச் சுற்றி வந்தார். ஏழு மாதம், ஆயிரம் மைலுக்கு மேல். பன்னிரண்டு வயது மகள் சார்லட் எழுதிய நாட்குறிப்பு பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெண் பின்னாளில் இளவரசி விக்டோரியாவுக்கே ஆசிரியையாகப் போனார். பல்லக்கைத் தோளில் சுமந்தவர்களின் மகள்கள் அந்த ஏழு மாதம் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுத யாரும் இல்லை.

இனி மேசைக்கு வருவோம். 1802ல் எட்வர்ட் கிளைவ் ஆளுநராக இருக்கும்போது சென்னை மாகாணத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் வந்தது. அந்த ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டம். கட்டபொம்மனோடும் மருதுவோடும் சேர்ந்தவர்களின் பாளையங்கள் பறிக்கப்பட்டன. கும்பெனிக்கு ஒத்துப்போனவர்களுக்குச் சனது எழுதிக் கொடுக்கப்பட்டது. 'நீ கட்ட வேண்டிய பேஷ்குஷ் இவ்வளவு, அதைக் கட்டிவிட்டால் இந்த ஜமீன் உனக்கும் உன் சந்ததிக்கும்.' பாளையக்காரர் ஜமீன்தாரானது இப்படித்தான். செங்கல்பட்டுப் பக்கம் இன்னும் வேடிக்கை. அங்கே கிராமங்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, மிட்டா என்று பெயர் வைத்து ஏலம் விட்டார்கள். ஏலத்தில் எடுத்தவன் பரம்பரை மிட்டாதாரன்! ஏலம் எடுத்த மறுநாள் காலையிலேயே அவனுக்குப் பரம்பரை வந்துவிட்டது.

இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களின் உயிர்நாடி ஒன்றுதான். சொத்து பிரியக் கூடாது, அத்தனையும் மூத்த மகனுக்கு. இளையவர்கள் பாதிரியாராகலாம், பட்டாளத்துக்குப் போகலாம், இல்லையென்றால் இந்தியாவுக்குக் கப்பலேறலாம். எட்வர்டுக்குப் பிறகு சென்னைக்கு ஆளுநராக வந்த வில்லியம் பெண்டிங் ஒரு டியூக்கின் இரண்டாவது மகன். பாரிமுனைக்குப் பெயர் கொடுத்த தாமஸ் பாரி பிரபு இல்லை, ஆனால் நிலக்காரக் குடும்பத்து மூன்றாவது மகன். 1788ல் வந்தவர். அவருடைய ஊர் எது தெரியுமா? அதே வெல்ஷ்பூல். பாவிஸ் கோட்டைக்கு எதிர்ப்பக்கம். எண்ணூரிலிருந்து பஸ் ஏறி கிளைவ் பேட்டரியைக் கடந்து பாரிமுனையில் இறங்குகிறவர், தனக்குத் தெரியாமலே வேல்ஸின் ஒரே சிற்றூருக்குள் பயணம் செய்கிறார்.

மூத்த மகனுக்கே எல்லாம் என்ற அந்த விதி இங்கேயும் வந்தது. 1904ல் சென்னை மாகாணத்தில் பிரிக்க முடியாத ஜமீன்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது இழப்பீடும் கொடுத்தார்கள். கோயிலில் முதல் மரியாதையும் 'ராஜா' என்ற விளிப்பும் போகவில்லை.

இதெல்லாம் மேலே இருந்தவர்கள் கதை. கீழே என்ன நடந்தது என்பதில்தான் என் ஆய்வு. வடசென்னைக் கடற்கரையின் நில ஆவணங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நாள் முழுக்கப் புரட்டினால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: மிராசு. வாரிசுரிமை என்று பொருள்படும் அரபிச் சொல் அது. செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் நிலத்தின் மேல் பரம்பரை உரிமை கொண்டாடியவர்கள் மிராசுதாரர்கள். பெரும்பாலும் வேளாளரும் பார்ப்பனரும். அவர்களுக்கு உழைத்த பறையர்கள் அடிமைகள். அடிமை முறைக்கான சட்ட அங்கீகாரம் 1843 வரை இருந்தது.

இந்த மிராசு உரிமைக்கு அறிவார்ந்த பத்திரம் எழுதிக்கொடுத்தவர் யார் என்று சொன்னால் பலருக்கு வலிக்கும். எல்லிஸ் துரை. பிரான்சிஸ் வைட் எல்லிஸ். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816லேயே எழுதியவர். குறளை மொழிபெயர்க்கத் தொடங்கியவர், வள்ளுவர் உருவம் பொறித்த காசு வெளியிட்டவர். அவரை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியவர்தான். அதே எல்லிஸ், அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு மிராசு பற்றி விரிவாகப் பதில் எழுதினார், 1818ல் அது அச்சானது. ஆதொண்டச் சக்கரவர்த்தி தொண்டைமண்டலக் காட்டைத் திருத்தி வேளாளரைக் குடியமர்த்தினார் என்ற மரபுக் கதை அதில் ஆவண அந்தஸ்து பெற்றது. அந்தக் காட்டை உண்மையில் வெட்டித் திருத்தியவர் கைகள் எவை என்பது பதினேழு கேள்விகளில் ஒன்றாக இல்லை.

அந்த எல்லிஸிடம் குறள் ஓலைச்சுவடி எப்படிப் போய்ச் சேர்ந்தது? அயோத்திதாசர் 'தமிழன்' இதழில் எழுதினார்: தன் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரை வீட்டு பட்லர், கொண்டுபோய்க் கொடுத்தது. ஒரு பறையர் பட்லர் தன் வீட்டில் காத்துவைத்திருந்த சுவடியைக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்ட அறிஞர் இன்னொரு பக்கம், பறையர்களை அடிமையாக வைத்திருந்தவர்களின் பரம்பரை உரிமைக்கு ஆதாரம் தொகுக்கிறார். எல்லிஸ் கெட்டவர் என்று முடித்துவிட்டால் இதன் கனம் போய்விடும். யாரிடம் பேசினால் 'மரபு' கிடைக்கும் என்று துரைகள் நினைத்தார்கள் என்பதே விஷயம். பரம்பரை உள்ளவனுக்கு இன்னொரு பரம்பரை உள்ளவனின் பேச்சுதான் சாட்சியாகப் பட்டது.

அந்தப் பத்திரத்தின் விலையை எழுபது ஆண்டு கழித்துச் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் எழுதினார். 1891ல் பறையர்களின் நிலைபற்றி அவர் கொடுத்த குறிப்பு பஞ்சமி நில வரலாற்றின் தொடக்கம் என்று நமக்குத் தெரியும். தரிசு நிலத்துக்குப் பறையர் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாரர் எழுந்து, 'எங்கள் மிராசு, எங்களுக்கே முன்னுரிமை' என்பார். நிலத்தை உழ மாட்டார், உழ விடவும் மாட்டார். 1892ல் பஞ்சமி நில அரசாணை வந்தது. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகின்றன. அதில் எவ்வளவு இன்று தலித்துகள் கையில் இருக்கிறது? 1994 அக்டோபர் 10, காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் குண்டுக்குப் பலியானார்கள். அவர்கள் கேட்டது அரசே எழுதிக்கொடுத்த நிலத்தை. கிளைவ் வீட்டுக் காகிதம் இருநூறு ஆண்டு கழித்தும் செல்லுபடியாகிறது. பஞ்சமிக் காகிதம் நூறு ஆண்டில் செல்லாக்காசு.

'இங்கிலாந்தே மாறிவிட்டதே' என்பார்கள். 1999ல் பிரபுக்கள் சபையிலிருந்து பரம்பரை உறுப்பினர்களை வெளியேற்றச் சட்டம் போட்டார்கள், ஆனாலும் 92 பேரை விட்டுவைத்தார்கள். அந்த 92ஐயும் நீக்கும் மசோதா 2024 செப்டம்பரில்தான் வந்தது. சிரிக்க வேண்டாம். நம் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 'பரம்பரை அறங்காவலர்' என்று ஒரு பதவி இன்றும் இருக்கிறது. பிறப்பே தகுதி. கலைஞர் அரசு 1970ல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1972ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டே ஆகமத்தின் பெயரால் கதவைச் சாத்தியது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகப் பணி ஆணை பெற 2021 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆணைகளையும் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள்.

இங்கிலாந்திலும் பரம்பரைக்கு எதிராகப் பேசியவர்கள் உண்டு. டாமஸ் பெயின் 1775லேயே கிளைவைக் கிழித்து எழுதினார். பிராட்லா அரச குடும்பத்தையே கேள்வி கேட்டார். அந்த பிராட்லாவை 1880களில் சென்னையில் இருந்துகொண்டு படித்துத் தமிழில் பேசியவர்கள் 'தத்துவவிவேசினி' நடத்திய சென்னை இலௌகிக சங்கத்தார். மேற்கிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதில் நமக்கு அவர்கள் முன்னோடி. டவுன்டன் ஆபி பார்க்கும் தோழர்கள் அவர்களையும் கொஞ்சம் புரட்டலாம்.

இதுவரை மற்றவர்கள் பரம்பரை. இனி எங்கள் வீடு.

எண்ணூர்ப் பகுதியின் கத்திவாக்கம் 1708லேயே திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தாங்காட்டோடு சேர்த்துக் கும்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் நவாப். வாங்கியவர் கும்பெனி. கடலில் வலை போட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அதனால் எங்களுக்கு ஜமீன் இல்லை, மிராசு இல்லை, கேடயம் இல்லை. ஒரு கல்வி நிறுவனத்தின் நேர்காணலில் என் 'ஃபேமிலி பேக்ரவுண்ட்' என்ன என்று கேட்டார்கள். மீன்பிடி என்றேன். 'அதுக்கு முன்னாடி?' என்றார் ஒருவர். அதற்கு முன்னாலும் மீன்தான்.

இந்த வெற்றிடத்தில்தான் ஆபத்து நுழைகிறது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் எங்கள் சாதிக்கு நேரே 'பர்வதராஜகுலம்' என்ற பெயரும் இருக்கிறது. குலமே ராஜகுலம்! இப்போது எங்கள் குப்பங்களிலும் திருவிழா பேனரில் கிரீடம் வைத்த மீன், பக்கத்தில் வாள், மேலே 'ஆண்ட பரம்பரை'. தம்பிகளே, நாம் எதை ஆண்டோம்? ஆண்டிருந்தால் பட்டா எங்கே? சாம்பலும் எண்ணெயும் ஆற்றில் விழும்போது நம் வாள் எங்கே போயிருந்தது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது, மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. மருத்துவமனைக்கு ஓடியவர்களில் யாரும் ராஜகுலத்து மூச்சு விடவில்லை.

அதைவிட மோசம், அந்தக் கிரீடத்துக்குக் கீழே இன்னொருவரை மிதிக்க ஏற்கெனவே நமக்கு இடம் இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்ற முறை உண்டு. எந்தத் தலைக்கட்டு எந்த நாள் எந்த இடத்தில் வலை விடலாம் என்று முறை வைத்துப் பங்கிடுவது. ஆய்வாளர்கள் இதைச் சமூகச் சமத்துவத்துக்கும் வளம் காப்பதற்கும் உதாரணமாகப் புகழ்வார்கள். ஒரு பகுதி உண்மை. ஆனால் பாடு அப்பனிடமிருந்து மகனுக்கு. பெண்ணுக்கு இல்லை, தலித் மீனவருக்கு இல்லை, இருளருக்கு இல்லை. எங்கள் எண்ணூர் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கிற இருளப் பெண்கள் எந்தப் பாட்டிலும் வருவதில்லை. நிவாரணம் என்று வந்தால் அதிகாரி படகின் எண்ணைக் கேட்கிறார். அவர்களுக்குப் படகு ஏது? பிரபுக்கள் சபையின் 92 நாற்காலிக்கும் நம் பாட்டுக்கும் அளவில்தான் வித்தியாசம், விதி ஒன்றுதான். இதைச் சொன்னதற்காக என்னோடு பேசாத உறவினர் இருக்கிறார்கள்.

'எல்லாச் சாதியும் பெருமை பேசும்போது நாம் மட்டும் பேசாமல் இருந்தால் மிதித்துவிடுவார்கள்' என்பது அவர்கள் வாதம். மிதிக்கிறவர்கள் நம் பேனரைப் படித்துவிட்டு விலகிப் போனதாக எனக்குத் தெரியவில்லை. எங்களை மிதித்தது வரைபடத்தில் நடந்தது. 1996ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டலத் திட்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழிவெளி 6,469 ஏக்கர், கட்டுமானத்துக்குத் தடை செய்யப்பட்ட பகுதியாக இருக்கிறது. 2017ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மாநிலக் கடற்கரை மண்டல அமைப்பு கொடுத்த வரைபடத்தில் கழிவெளியே இல்லை. ஒரு ஆறு காகிதத்தில் செத்துவிட்டது. எட்வர்ட் கிளைவின் மேசை இன்னும் எங்கேயோ இருக்கிறது, ஆள்தான் வேறு.

அந்த 1996 வரைபடத்தைத் தேடி எடுத்து வெளியே கொண்டுவந்தவர்கள் யாரும் ராஜகுலத்தின் பேரால் அதைச் செய்யவில்லை. ஆறு எல்லோருக்கும் என்று சொல்லித்தான் செய்தார்கள். எல்லோரும் என்றால் கட்டுமரக்காரரும், இறால் தடவும் இருளப் பெண்ணும், ஆற்றோரத்துக் காலனிக்காரரும். இந்த முறை மாசி மகத்துக்கு பேனர் அடிக்க வசூலுக்கு வந்த தம்பிகளிடம் நான் சொன்னது இதைத்தான்: கிரீடத்தை எடுத்துவிட்டு அந்த 6,469 ஏக்கரை அச்சடிப்பதாக இருந்தால் ஆயிரம் ரூபாய் தருகிறேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள்.